அப்பா ஏற மறுத்த பச்சைப் படிக்கட்டு

இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்துவிட்டு, "படத்துல உங்கப்பா இவ்ளோ கோவமா கீறாரே" என்று அச்சகத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். உறவினர்களும் நண்பர்களும் அப்படியே நினைக்கக்கூடும் என்பதால் முதலில் விளக்கிவிடுகிறேன். அது கோபம் இல்லை. ஸ்டூடியோக்காரர் உட்காரக் கொடுத்த இரும்பு ஸ்டூலின் ஒரு கால் அடியில் துருப்பிடித்திருந்தது. அப்பா கேமராவைப் பார்க்கவில்லை, அந்தக் காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். பென்ஷன் புத்தகத்துக்காக எடுத்த அந்த ஒரு படத்தில்தான் அவர் முகம் நேராகத் தெரிகிறது. வீட்டில் உள்ள மற்ற படங்களில் எல்லாம் குனிந்து எதையாவது தட்டிக்கொண்டிருக்கிறார். என் தங்கை மகளின் காதுகுத்துப் படத்தில்கூட, பின்னால் பந்தல்கம்பத்தில் காது வைத்திருப்பது அப்பாதான்.

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு மலர் என்றால் நல்ல குணங்களை வரிசையாக எழுதுவது வழக்கம். அதையும் எழுதுவேன். ஆனால் என் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த படிக்கட்டுச் சண்டையை அறியாதவர் நம் உறவில் யாரும் இல்லை. அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். போன வருஷம் வரை எனக்கும் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் அப்பாவைக் குத்திக் காட்டியிருக்கிறேன். மீதியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா பிறந்தது மாதனூரில். பாலாற்றங்கரை என்று பெயர்தான், ஆற்றில் தண்ணீரைப் பார்த்த ஞாபகம் அவருக்கே இரண்டு மூன்று முறைதான் உண்டு. தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். வானம் பார்த்த பூமியில் ஐந்து பிள்ளைகளை வளர்க்க முடியாமல், மூன்றாவது பிள்ளையான அப்பாவைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பத்தொன்பது வயதில் கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுகத்துக்கு, கடற்படைக் கப்பல்களைப் பழுது பார்க்கும் தளத்துக்கு, வேலைக்குப் போனார். கடலை அன்றுதான் முதலில் பார்த்தாராம். "இவ்ளோ தண்ணி வெச்சிக்கினு ஒருத்தரும் நெல்லு போடலியே" என்று தோன்றியதாகச் சொல்வார்.

கப்பலில் வேலை என்றதும் ஊரில் அவரைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். லீவில் வரும்போதெல்லாம் சிங்கப்பூர் சோப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சிலர் வந்துவிடுவார்கள். உண்மை என்னவென்றால், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கப்பலிலேயே வேலை செய்த அப்பா ஒரு நாளும் கப்பலில் பயணம் போனதில்லை. அவருக்கு நீச்சலும் தெரியாது. பழைய கப்பலைக் கரையோரத் தொட்டிக்குள் கொண்டுவந்து, தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, கட்டைகளின் மேல் நிறுத்தியபிறகுதான் அப்பா அதற்குள் போவார். "தண்ணில கீற வரிக்கும் அது அவங்க கப்பல். தரைக்கு வந்தா என் கப்பல்" என்பார்.

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மீதி புரியாது. கப்பலின் உடம்பு இரும்புத் தகடு. உப்புத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். மேலே அடித்த பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். அப்பா டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கப்பலின் அடிவயிற்றில் ஆள் புக முடியாத இடங்களில் எல்லாம் ஊர்ந்து போய், ஒவ்வொரு சாணாகச் சுத்தியால் தட்டுவார். நல்ல தகடு டங் என்று பதில் சொல்லும். தேய்ந்த தகடு டொக் என்று முனகும். முனகுகிற இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவார். பின்னால் வரும் பையன்கள் அந்த வட்டத்தில் பசை தடவி, தகட்டின் கனத்தைக் காட்டும் மெஷினை வைத்துப் பார்ப்பார்கள். வட்டம் இல்லாத மூலைகளில் மெஷின் வைக்க மாட்டார்கள். அதாவது, பல கோடி ரூபாய்க் கப்பல் ஒன்று கடலுக்குப் போகலாமா கூடாதா என்பது மாதனூர்க்காரர் ஒருவரின் காதில் இருந்தது.

அதே சுத்தி லீவில் ஊருக்கும் வரும். பக்கத்து வீட்டு கேட், ரேஷன் கடை ஷட்டர், பால்காரரின் கேன் எதுவும் தப்பாது. நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் பஸ் காலையில் எங்கள் தெரு முனையில் நிற்கும். அப்பா லீவில் இருக்கிறார் என்று தெரிந்தால் டிரைவர் அண்ணன் பஸ்ஸை நிறுத்தவே மாட்டார். மெதுவாக உருட்டிக்கொண்டே, "ஓடி வந்து ஏறும்மா, உங்கப்பா வர்றாரு" என்பார். நாங்கள் நாற்பது பெண்கள் ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் பழகியது அப்பாவால்தான்.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் மோசம். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் மற்ற அப்பாக்கள் கேட்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் அப்பா தபாலில் நோட்டுகளை வரவழைப்பார். ஒரு முறை எனக்குக் கணக்கில் எண்பத்தொன்று. நோட்டைப் பார்த்துவிட்டு, "எழுவத்தெட்டுதான் வரணும், டீச்சர் தப்பா கூட்டியிருக்காங்க" என்று எழுதி அனுப்பினார். டீச்சர் திருத்திக்கொண்டார். அப்பாவை ஒரு மாதம் நான் மன்னிக்கவில்லை.

இனி படிக்கட்டு.

எனக்கு வரன் ஆம்பூரில் அமைந்தது. மாப்பிள்ளை மெக்கானிக். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், தோல் மண்டியில் பதனிடாத பச்சைத் தோலைத் தரம் பிரிப்பவர். இனி அவரை மாமா என்றே எழுதுகிறேன். தோலை விரலால் தடவியே, இது எங்கே கிழியும் என்று சொல்லிவிடக்கூடியவர். அவர்கள் வீடு உப்புத் தோல் கிடங்குக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. கெட்டுப்போகாமல் இருக்கத் தோலில் அப்பி வரும் கல்லுப்பை அங்கேதான் உதறுவார்கள். தெருவெல்லாம் உப்புத் தண்ணீர் ஓடும். அப்பா துறைமுகத்திலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து, மாப்பிள்ளை வீடு பார்க்க இருபத்திரண்டு பேரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் போனார். பெண் போகக்கூடாது என்பதால் நான் வீட்டில் இருந்தேன். நடந்ததை இருபத்திரண்டு பேரும் இருபத்திரண்டு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு தயாராக இருந்தது. மாடிக்குப் போக வெளிப்புறம் ஓர் இரும்புப் படிக்கட்டு. முந்தின நாள்தான் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

உப்புத் தெரு, இரும்புப் படி, புது பெயிண்ட். அப்பாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜிப்பா பையிலிருந்து சுத்தியை எடுத்தார். சம்பந்தி வீட்டுக்குச் சுத்தியோடு போன பெண்ணின் தகப்பன் அவர் ஒருவராகத்தான் இருப்பார். முதல் படியைத் தட்டினார். இரண்டாவதைத் தட்டினார். மூன்றாவதில் மஞ்சள் சாக்பீஸால் பெரிதாக ஒரு குறி போட்டுவிட்டு, திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்து, "யாரும் ஏறாதீங்க. படி போயிடுச்சு" என்றார்.

மாமாவின் அண்ணன், என் பெரிய மாமனார், நல்ல ஆகிருதி. அவருக்கு வந்ததே கோபம். "இன்னாய்யா, பொண்ணு குடுக்க வந்தியா, வீட்ட இடிக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு, விறுவிறுவென்று படியேறினார். ஏறியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று குதித்தார். "இங்க நிக்குதா? இங்க நிக்குதா?" என்று பதினான்கு படியும் குதித்தார். படி அசையவில்லை. உச்சிக்குப் போனதும் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. இரண்டு பேர் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து விசிறினார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் வெளுத்துவிட்டது என்று அம்மா சொன்னார். அவமானம் என்று அம்மா நினைத்தார். பிறகு அப்பா வேனைப் பார்த்து நடந்தார். தலைவரே நடந்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இருபத்திரண்டு பேரும் மாடியிலிருந்து வந்த வடை வாசனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போனார்கள். கை நனைக்கவில்லை. போதாக்குறைக்கு, பசி தாங்காத என் சித்தப்பா வேனை ஓர் ஓட்டலில் நிறுத்தச் சொல்லி, எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போக அரை மணி நேரம் ஆகவில்லை. "எங்க வீட்டு இலை வாணாம், ஓட்டல் பிரியாணி ஓணுமா?" என்று பெரிய மாமனார் தெருவிலேயே நின்று கத்தினாராம். வெள்ளிக்கிழமைக்குள் பெண்ணின் அப்பா வந்து கை நனைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று ஆள் அனுப்பினார்.

அப்பாவோ அந்த ஓட்டலில் இறங்கியபிறகு மறுபடி வேனில் ஏறவே இல்லை. வாசலில் அம்மாவிடம், "வேல கீது, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். சனிக்கிழமை வரை ஆளைக் காணோம், போனும் அணைந்திருந்தது. இது இருக்கட்டும், மாமாவையும் காணோம். திருப்பத்தூர்ப் பக்கம் தோல் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார், அங்கே விசாரித்தால் வரவே இல்லை என்றார்கள். கம்பெனி பஸ்ஸில் கேட்க வேண்டுமா? திங்கட்கிழமை, இரண்டு சம்பந்திகளும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றார்கள். புதன்கிழமை, ஒருவரை ஒருவர் வெட்டப் போயிருக்கிறார்கள் என்றார்கள். வியாழக்கிழமை நான் தைத்த ஷூக்களில் பாதிக்கு இடது கால் மட்டும்தான் இருந்தது. எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இதை இப்போது எழுதுவதில் வெட்கம் இல்லை. கல்யாணம் நின்றுபோனது, நிறுத்தியவர் என் அப்பா என்று அழுதேன்.

உங்களுக்குத் தெரிந்த பாதி இதுதான். மீதியை, அப்பாவின் கருமாதியன்று பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அப்பா பஸ் பிடித்துத் தனியாக மாமாவைத் தேடித் தோல் மண்டிக்கே போயிருக்கிறார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டாராம். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"சம்பந்தி, அந்தப் படி எந்த இரும்பு?"

"இன்னா சம்பந்தி, இப்ப அதுவா முக்கியம்? உப்புல பழைய படி போயிடுச்சின்னு, ரெண்டு வருசம் முன்னாடி நானே லாரி சேசிஸ் தகட வெட்டிப் போட்டேன். யான ஏறினாலும் தாங்கும். எங்கண்ணன் ஏறினாரே."

அப்பா அப்படியே உப்பு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ்ளோ நல்ல இரும்பு எனக்கு டொக்குன்னு கேட்டுது சம்பந்தி. கொஞ்ச நாளாவே எல்லா கப்பலும் மந்தமாத்தான் கேக்குது. கப்பலுக்கு வயசாயிடுச்சின்னு நெனச்சிக்கினேன். போன வாரம் ஒரு பழைய கப்பல்ல அடி மூலைல சத்தம் கம்மியா இருந்துது. பழசுன்னா அப்டித்தான் பேசும்னு வட்டம் போடாம விட்டுட்டு கையெழுத்து போட்டுட்டேன். அது வியாழக்கெழம கடலுக்குப் போவுது. நூறு பேருக்கு மேல இருப்பாங்க."

வயசானது கப்பலுக்கு இல்லை, தன் காதுக்கு என்பது அந்தப் பச்சைப் படியில்தான் அவருக்கு விளங்கியிருக்கிறது. வருஷக்கணக்கில் இரும்புச் சத்தத்துக்கு நடுவில் வேலை செய்த காது. வீட்டில் நாங்களும் கவனிக்கவில்லை. டிவியை அலறவிட்டால் துறைமுகப் பழக்கம் என்று நினைத்தோம். அம்மா சொல்வதற்கு எல்லாம் தலையாட்டினால் நல்ல குணம் என்று நினைத்தோம்.

மண்டி வாசலிலிருந்தே துறைமுகத்துக்குப் போன் செய்தார். இளம் அதிகாரி ஒருவர் எடுத்து, நீங்கள் பார்த்த கப்பலில் தப்பே வராது, லீவை நன்றாகக் கழியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். எவ்வளவு மரியாதை பாருங்கள். அந்த மரியாதைதான் அப்பாவைப் பயமுறுத்தியது.

ஒருவேளை அன்றைக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டதோ என்று மாமாவுக்கு ஒரு நப்பாசை. அன்று ராத்திரி அப்பாவை மண்டிக் காவல் அறையில் தங்க வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் காது டாக்டரிடம் வேலூருக்கு அழைத்துப் போனார். டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று இருவரும் லாங் பஜாருக்குள் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருக்கிறார்கள். நல்ல பித்தளைக் குடம் ஒன்று, விரிசல் விட்டு உருக்குவதற்கு ஒதுக்கி வைத்த குடம் ஒன்று. அப்பா திரும்பி நிற்க, மாமா ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இது எப்டி?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"ஐயோ சம்பந்தி, ஒண்ணு பாடுது, ஒண்ணு இருமுது!"

மறுபடி தட்டினார். மறுபடியும் அப்பா தப்பாகச் சொன்னார். மூன்றாம் முறை கடைக்காரர் தராசை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "காலைல இன்னும் போணி ஆவல. பெரியவங்க ரெண்டு பேரும் சேந்து இன்னா பூஜை பண்றீங்க? வாங்கறதுன்னா வாங்குங்க, இல்ல நவுருங்க. ஒரே பேஜாரு." மாமாவுக்கு வெட்கமாகி, கையில் இருந்த குடத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டார். எது என்று அந்தப் பதற்றத்தில் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் மாமியார் ஆசையோடு என்னிடம் கொடுத்த பித்தளைக் குடம் முதல் நாளே ஒழுகியது. என் ராசிதான் அப்படி என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அத்தை, இப்போதாவது படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டரும் அதையே சொன்னார். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் எதுவும் இனி அந்தக் காதில் விழாது. நேரே காட்பாடிக்குப் போய் ரயில் ஏறினார்கள். நீங்கள் எதற்குக் கூடப் போனீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். "ஸ்டேஷன் பேரு சொன்னாகூட அவருக்கு கேக்காது, எங்கனா எறங்கிட்டா?" என்றார். ரயிலில்தான் அப்பா வாய்விட்டு அழுதாராம்.

"வெள்ளிக்கெழம கெடு வெச்சிருக்காங்க சம்பந்தி. என் பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டு நான் பாட்டுக்கு போய்க்கினு கீறேன்."

"கல்யாணம் எங்கயும் முழுவிப் போவாது. மொதல்ல கப்பலப் பாப்போம்" என்றார் மாமா.

எங்கள் வீட்டில் அழுகை, அவர்கள் வீட்டில் கூச்சல், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ரயிலில் ஒரே பொட்டலத்தில் புளிசாதம்.

துறைமுகத்தில் வெளி ஆளை உள்ளே விட மாட்டார்கள். மாமா வாசல் டீக்கடையில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற அதிகாரிகளின் ஷூக்களைப் பார்த்து, இது முதல் தரம், இது வயிற்றுத் தோல், இது தோலே இல்லை என்று டீக்கடைக்காரருக்குப் பாடம் எடுத்தார். உள்ளே அப்பா, தன்னிடம் வேலை பழகிய பையன்கள் எல்லாரும் நிற்கும்போதே, அதிகாரியின் மேஜைக்கு முன் போய், "என் காது போய்டுச்சி. என் கையெழுத்த ரத்து பண்ணுங்க" என்று சொன்னார். டாக்டர் சீட்டையும் வைத்தார்.

கப்பலோ தொட்டியை விட்டு வெளியே போய், பெயிண்ட் அடித்து, கொடி கட்டி நின்றது. அதை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. வேறு யாரும் உங்களைக் குறை சொல்லவில்லையே, நீங்களாக ஏன், என்று அதிகாரி நயமாகக் கேட்டிருக்கிறார். அப்பா நேராகப் போய், கப்பலில் ஏறும் பலகையின் மேல் உட்கார்ந்துகொண்டார். என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும் என்றார். நீச்சல் தெரியாதவர், கீழே கடல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் இரண்டு பையன்களை மெஷினோடு அனுப்பினார்கள். அப்பாவே முன்னால் ஊர்ந்து போய், தான் வட்டம் போடாமல் விட்ட மூலைகளை எல்லாம் காட்டினார். இவர் விட்டதில் எல்லாமே சரியாக இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. பம்பு மேடைக்குக் கீழே, கழிவுத் தண்ணீர் தேங்கும் மூலையில், ஒரு முறத்தின் அகலத்துக்கு, மெஷினே தேவைப்படவில்லை. பையன் விரலால் அழுத்தியதும் பெயிண்ட் உள்வாங்கியது. மேலே இருந்தது பெயிண்ட்தான், தகடு பேருக்குத்தான் மிச்சம்.

கப்பல் வியாழக்கிழமை போகவில்லை. தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துச் சரி செய்தபிறகுதான் போனது.

அப்பாவும் மாமாவும் சனிக்கிழமை காலையில் ஆம்பூர் வந்து இறங்கினார்கள். சம்பந்தம் முறிந்தது என்று முந்தின நாள் சாயங்காலமே பெரிய மாமனார் அறிவித்துவிட்டார். அவர் அதையே இன்னும் இரண்டு பேரிடம் விளக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது, இரண்டு சம்பந்திகளும் ஒரே ஆட்டோவில், நடுவில் ஒரு கருவாட்டு மூட்டையோடு வந்தார்கள். அப்பா நேராக அந்தப் படியில் ஏறினார். தட்டவில்லை. மொட்டை மாடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, என் மாமியாரைப் பார்த்து, "தங்கச்சி, பழைய சோறு இருந்தாலும் போடும்மா" என்றார். கை நனைத்தார். கெடு வைத்தவருக்கு அந்தக் கருவாட்டில் பாதி போனது.

எங்கே போனீர்கள் என்று எத்தனை பேர் கேட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. காது கேட்காதவன் கப்பல் பார்த்தான் என்று வெளியே தெரிந்தால், தன் கையெழுத்தை நம்பி வேலை செய்த பையன்களுக்கு அசிங்கம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். மாமா பதினோரு வருஷம் காப்பாற்றினார். குடும்ப விசேஷங்களில் எல்லாரோடும் சேர்ந்து, "படிய பாத்து ஏறுங்க சம்பந்தி" என்று கிண்டல்கூடச் செய்வார். அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார்.

அதன்பிறகு அப்பாவைக் கப்பலுக்குள் விடவில்லை. பாக்கி இருந்த ஒன்றரை வருஷமும் பண்டகசாலையில் மேஜை நாற்காலி போட்டு, பெயிண்ட் டப்பா வழங்கும் வேலை கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பெயிண்டைத் திட்டியவருக்கு அதைவிடத் தண்டனை இல்லை. எங்களிடம் பிரமோஷன் என்று சொன்னார். நாங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தோம். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்று வந்தபிறகு காதுக்கு மெஷின் வாங்கினோம். மாட்டிய அன்று அம்மா சமையலறையில் முணுமுணுத்ததை முதல் முறையாகக் கேட்டுவிட்டு, "இத்தினி வருசமா இதத்தான் சொல்லிக்கினு இருந்தியா?" என்று அதிர்ச்சியோடு கேட்டார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. நான் கல்யாணக் கதையை எடுத்தால் மட்டும் அப்பா மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். "எங்கப்பாவுக்கு என்னைவிட ஒரு இரும்புப் படி பெருசு" என்று அவர் எதிரிலேயே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் மறுத்துப் பேசியிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வலிக்காது.

போன வருஷம் மூச்சுத் திணறலோடு வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இளம் டாக்டர் ஒருவர் வந்து, அப்பாவின் முதுகில் விரலை வைத்து, இன்னொரு விரலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இவரு வேல தெரிஞ்சவரு. தட்டிப் பாக்கறாரு" என்று என்னிடம் சொன்னார். பிறகு டாக்டரின் கையைப் பிடித்து, "உண்மைய சொல்லுங்க சார், டொக்குங்குதா?" என்றார். டாக்டர் தயங்கி, கொஞ்சம் அப்படித்தான் என்றார். "சொன்னதுக்கு தேங்ஸ் சார்" என்றார் அப்பா. அதற்கு மேல் நான்கு நாள் இருந்தார். எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம், தூங்குவதுபோல் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய பேர். அந்த டாக்டருக்கும், கட்டில் கம்பியைத் தட்டாதீங்க தாத்தா என்று கடைசி வரை பொறுமையாகச் சொன்ன நர்ஸ் அம்மாக்களுக்கும் நன்றி. செய்தி கேட்டதும் வண்டியை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திய கம்பெனி பஸ் டிரைவர் அண்ணனுக்கும், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த தோழிகளுக்கும் நன்றி. துறைமுகத்திலிருந்து ரயிலேறி வந்து, அப்பாவைச் சுமந்த அந்த இரண்டு பையன்களுக்கு நன்றி. அவர்களுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பதினோரு வருஷம் வாயைத் திறக்காத மாமாவை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும், ஆனாலும் அவருக்கும் நன்றி.

இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கைக்கு இந்த மலர் போய்ச் சேராது. அந்தப் பழைய கப்பல் அதற்குப் பிறகு பல முறை கடலுக்குப் போய் வந்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டதாக அந்தப் பையன்கள் சொன்னார்கள். ஒவ்வொரு முறை அது கிளம்பும்போதும் அப்பா அவர்களுக்குப் போன் செய்து, எப்போது வரும் என்று கேட்பாராம். வந்துவிட்டது என்று தெரியும் வரை தினமும் கேட்பாராம். அதில் போனவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் அப்பா என்று ஒருவர் இருந்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் பத்திரமாகக் கரைக்குத் திரும்பி வந்தார்கள். வந்ததற்கு நன்றி. நீங்கள் திரும்பி வந்ததால்தான் எங்கள் அப்பா நிம்மதியாகப் போனார்.